ஈரச் சக்கை எரியுமா?

பழனிக்கு மேற்கே உள்ள நெய்க்காரப்பட்டி வெல்லத்துக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்து ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் இப்படி ஒரு பத்தியை எழுதிக் கொடுத்துப் பாருங்கள்:

‘கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா அண்ணாந்து பார்த்தார். மேற்கே கறுத்திருந்தது. “களத்துல கிடக்குற சக்கையை அள்ளிக் கொட்டகைக்குள்ள போடுங்கடா” என்று சத்தம் போட்டார்.’

ஏன் சத்தம் போட்டார்? பத்தியில் பதில் இல்லை. ஆனால் கரும்பாலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை சட்டென்று சொல்லிவிடும்: சக்கை நனைந்தால் அடுப்பு எரியாது, பாகு பதம் கெட்டுப்போகும். தமிழில் முப்பத்தைந்தைத் தொடவே திணறுகிற பிள்ளைகூடச் சொல்லும். ஆலையையே பார்த்திராத நகரத்துப் பிள்ளை, தொண்ணூறு வாங்கினாலும் திருதிருவென விழிக்கலாம்.

1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரிடம் இதைத்தான் சோதித்தார்கள். பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லி, மரப் பொம்மைகளை வைத்து அதை நடத்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் மந்தம் என்று பெயரெடுத்தவர்களில் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களை முந்திவிட்டார்கள். புரிதலில் பாதி, வாசிப்பவர் தலைக்குள் முன்பே இருக்கிறது.

நம் வகுப்பறையில் நடப்பது வேறு. கேள்வியைப் படித்ததும் ஆசிரியர் பாடத்தில் “இங்கிருந்து இதுவரை” என்பார். பிள்ளைகள் பென்சிலால் அடைப்புக்குறி போட்டு, கேள்வி எண்ணை ஓரத்தில் எழுதிக்கொள்வார்கள். அந்த வரிகளை மனப்பாடம் செய்து அப்படியே ஒப்பித்தால் முழு மதிப்பெண். விரிவானத்துக் கதைக்கும் இதே கதிதான். கதை என்ன சொன்னது என்று யாரும் கேட்பதில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. நடுநிலை வகுப்புகளுக்குத் ‘தேன்சிட்டு’ இதழ் வருகிறது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பது வரை அடிப்படையில் பின்தங்கியவர்களுக்காக 2025-இல் ‘திறன்’ திட்டமும் வந்தது. நல்ல முயற்சிகள். ஆனால் சிறு நூலை வாசித்த பிறகும் ‘கதையின் நீதி யாது?’ என்றே கேட்டால், அதுவும் இன்னொரு பாடநூலாகிவிடும்.

இதற்கு மாற்று உண்டு. பாலின்சர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட வழி செலவில்லாதது. சரளமாக வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்காரவைத்தார்கள். ஒரு பத்தி முடிந்ததும் ஒரு பிள்ளை ஆசிரியராகிவிடும். அது கேள்வி கேட்கும், சுருக்கிச் சொல்லும், புரியாத இடத்தைத் தெளிவாக்கும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும். பிறகு முறை அடுத்த பிள்ளைக்கு. கேள்வி கேட்கும் உரிமை கைக்கு வந்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

பிள்ளைக்குத் தெரிந்த வெல்லத்தோடு வாசிப்பு நின்றுவிடக் கூடாது என்பதும் உண்மைதான். தெரிந்ததில் தொடங்கிய பிள்ளையைக் கடலுக்கும் விண்வெளிக்கும் கூட்டிப்போகப் புத்தகங்கள் வேண்டும், நேரமும் வேண்டும். தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நூலகப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் இரவல் கொடுக்காதீர்கள். புத்தக பீரோ சாவியை ஒரு மாணவரிடம் கொடுத்துவிடுங்கள். சில புத்தகங்கள் கிழியும், கிழியட்டும்.