சுசூகிக்கு அமெரிக்காவில் ஏன் இடமில்லை, அரியலூரில் ஏன் உண்டு?

2012 நவம்பரில் சுசூகியின் அமெரிக்கக் கிளை கலிபோர்னியாவில் திவால் மனு கொடுத்தது. இனி அந்த நாட்டில் கார் விற்கப்போவதில்லை என்றும் அறிவித்துவிட்டது. 1985ல் உள்ளே போன கம்பெனி, 27 ஆண்டில் கடையைக் கட்டியது. அதே நிதியாண்டில் மாருதி சுசூகி இந்தியாவுக்குள் விற்ற கார்கள் பத்து லட்சத்துக்கும் மேல்.

நிஸான் கதை இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது லட்சம் வண்டி விற்கிற கம்பெனி அது. நம் ஒரகடத்தில் 2010ல் ரெனோவுடன் சேர்ந்து, ஆண்டுக்கு நாலு லட்சம் கார் செய்யக்கூடிய ஆலையைத் திறந்தது. ஆனால் உள்நாட்டு விற்பனை ஆண்டுக்கு முப்பதாயிரத்தைத் தாண்டவே திணறுகிறது. அந்த ஆலையில் தனக்கிருந்த 51 சதவீதப் பங்கை 2025ல் ரெனோவிடமே விற்றுவிட்டது.

ஜப்பான் வண்டி என்றாலே தரம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். தரம் ஒன்றுதான் காரணமென்றால் இந்த இரண்டு கம்பெனியும் இரண்டு நாட்டிலும் ஜெயித்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வண்டி எங்கே விற்கிறதோ அந்த ஊரின் சாலை, பெட்ரோல் விலை, வரிச் சட்டம், கூட்டாளி யார், பழுதானால் யார் பிரிப்பார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. இதைப் புரிந்துகொள்ள அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சியே போதும்.

இராமநவமித் திருவிழா நாளில் இங்கே கலியுக வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றி வண்டி நிற்கும் இடங்களை ஒருமுறை நடந்து பாருங்கள். டி.என். 61, டி.என். 46 பலகைகளோடு ஸ்ப்ளெண்டர், ஆக்டிவா, நேர்த்திக்கடனுக்கு மூட்டை ஏற்றி வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். என்று வரிசை நீளும். அதில் ஒரு ஸ்ப்ளெண்டரைக் குனிந்து பாருங்கள். மற்ற பல பைக்குகளில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும். இதில் முன்சக்கரத்தைப் பார்த்தபடி ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும். ஜப்பானில் ஹோண்டா 1958ல் கொண்டுவந்த சூப்பர் கப் என்ற சின்ன வண்டியின் எஞ்சின் வம்சம் அது. 97.2 சி.சி.; குறைந்த பெட்ரோல், குறைந்த சூடு, பிரித்து மாட்ட எளிது.

அந்த சூப்பர் கப்போடுதான் ஹோண்டா 1959ல் அமெரிக்காவில் கால் வைத்தது. பெரிய பைக் விற்கத்தான் போனார்கள். சின்ன வண்டிதான் விற்றது. கார் வருவதற்கு முன்பே ஜப்பான் பெயரை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனது அதுதான். கார் விஷயத்தில் டொயோட்டாவின் முதல் முயற்சி தோல்வி. 1957ல் அனுப்பிய டொயோபெட் கிரவுன் அந்த நாட்டு நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்கவில்லை. 1973ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, அமெரிக்க பங்க்குகளில் வரிசை நின்றபோதுதான் நிலைமை மாறியது. குறைவாகக் குடிக்கும் சின்ன ஜப்பான் கார் திடீரென்று புத்திசாலித்தனமான தேர்வாகிவிட்டது.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உள்ளூர் ஆலைகளைக் காப்பாற்ற அமெரிக்கா அழுத்தம் கொடுத்தது. 1981ல் ஜப்பான், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டது. கட்டுப்பாடு எண்ணிக்கைக்குத்தான், விலைக்கு அல்ல. எத்தனை கார் என்பது முடிவாகிவிட்டால், ஒவ்வொரு காரிலும் அதிக லாபம் பார்ப்பதுதானே வழி? அதனால் பெரிய, விலை கூடிய கார்கள் போயின. ஹோண்டா 1986ல் அக்யூராவையும், டொயோட்டா 1989ல் லெக்ஸஸையும் இறக்கின. இன்னொரு பக்கம், கட்டுப்பாடே வராதபடி அங்கேயே ஆலை போட்டார்கள். 1982 நவம்பரில் ஒஹையோவின் மேரிஸ்வில்லில் ஹோண்டாவின் முதல் அக்கார்டு வெளியே வந்தது. தடுக்கப் போட்ட வேலியே அவர்களை உள்ளூர்க்காரர்களாக்கியது. 2021ல் டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸையே அமெரிக்க விற்பனையில் முந்தியது.

சுசூகியால் அந்த வழியில் போக முடியவில்லை. அதன் பலமே சின்ன கார். எழுபதுகளின் எண்ணெய்ப் பயம் தீர்ந்ததும் அமெரிக்கர்கள் பெரிய பிக்கப்புக்கும் ஜீப் வகைக்கும் திரும்பிவிட்டார்கள். போதாததற்கு, சாமுராய் என்ற சின்ன ஜீப் வளைவில் கவிழும் என்று 1988ல் அங்கே ஒரு நுகர்வோர் பத்திரிகை எழுதியது. அதை எதிர்த்து சுசூகி போட்ட வழக்கு 2004 வரை இழுத்தது. 2007ல் ஒரு லட்சத்தைத் தொட்ட விற்பனை 2011ல் சுமார் 27,000 ஆகச் சரிந்தது.

இங்கே கவனியுங்கள்: அமெரிக்காவில் பெயர் கெட்ட அந்த சாமுராயும், நம் ராணுவமும் போலீஸும் வனத்துறையும் முப்பது ஆண்டுக்கு மேல் ஓட்டிய மாருதி ஜிப்ஸியும் ஒரே குடும்பம். அதே 1985ல்தான் ஜிப்ஸியும் இங்கே வந்தது. அதே குடும்பத்தின் இன்றைய வாரிசு ஜிம்னி. ஐந்து கதவு ஜிம்னி குருகிராமில் செய்யப்பட்டு 2025 தொடக்கத்தில் ஜப்பானுக்கே விற்பனைக்குப் போனது. சில நாளிலேயே ஐம்பதாயிரம் பேர் பதிவு செய்ததால், சுசூகி அங்கே முன்பதிவை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. வண்டி ஒன்றுதான், ஊர் வேறு.

இந்தியாவுக்குள் சுசூகி நுழைந்த விதமும் வேறு. எண்பதுகளில் வெளிநாட்டுக் கம்பெனி நேராக வந்து கடை விரிக்க முடியாது. உள்ளூர்க் கூட்டாளி வேண்டும். 1982 அக்டோபரில் மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டு, 26 சதவீதப் பங்கோடு சுசூகி மாருதியில் சேர்ந்தது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாவி கைமாறியது. பெரிய ஜப்பான் கம்பெனிகளுக்கு அன்றைய இந்தியச் சந்தை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. சுசூகியின் தலைவர் ஒசாமு சுசூகி மட்டும் பந்தயம் கட்டினார். 2024 டிசம்பரில் அவர் மறைந்தபின் இந்திய அரசு பத்ம விபூஷண் கொடுத்தது சரியான மரியாதை என்றே நினைக்கிறேன். பிறகு 2006ல் நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் காருக்கு வரி குறைந்தது. சுசூகிக்குக் கைவந்த அளவே அதுதான். அமெரிக்காவில் எது குறையோ இங்கே அதுவே வரிச்சலுகை.

பைக்கில் கதை இன்னும் சுவையானது. ஓசூரில் டி.வி.எஸ். குழுமம் சுசூகியோடு சேர்ந்து 1984ல் 100 சி.சி. பைக்கை இறக்கியது. 1985ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது, அதே ஆண்டு எஸ்கார்ட்ஸ் வழியாக யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. இன்றைக்கும் அந்த ஆர்.எக்ஸ். 100 நல்ல நிலையில் கிடைத்தால் பையன்கள் விலையைப் பார்ப்பதில்லை. அதுவரை கிராமத்தில் புல்லட்டும் ராஜ்தூத்தும் வைத்திருப்பவர் நாலு பேர் இருந்தால் பெரிது. லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று ஹீரோ ஹோண்டா விளம்பரம் செய்தபோது, பால்காரரும் வாத்தியாரும் பைக் வாங்கும் காலம் பிறந்தது.

ஆனால் கூட்டாளி கற்றுக்கொண்டார். 2001ல் டி.வி.எஸ்., சுசூகியைப் பிரிந்து, தன் சொந்த எஞ்சினில் விக்டரை இறக்கியது. 2002ல் ஜப்பானின் டெமிங் விருதையும் வாங்கியது. போருக்குப் பின் ஜப்பான்காரர்களுக்குத் தரக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்த அமெரிக்கர் டெமிங்கின் பெயரில் உள்ள விருது அது. அமெரிக்கா சொல்லிக்கொடுத்ததை ஜப்பான் கற்று அமெரிக்காவை முந்தியது. ஜப்பானிடம் கற்றதை ஓசூர் அதே விருதாகத் திருப்பிக் காட்டியது. 2010 டிசம்பரில் ஹோண்டாவும் ஹீரோவும் பிரிவதென்று முடிவானது. ஹோண்டா தனியாக ஆக்டிவாவை நம்பி நின்று ஜெயித்தது. ஸ்ப்ளெண்டர் ஹீரோவிடமே தங்கிவிட்டது.

தோஸ்த் கதையும் இப்படித்தான். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் ஏற்றி மண்டிக்குப் போகும் அந்தச் சின்ன லாரியை, அசோக் லேலண்டும் நிஸானும் சேர்ந்து 2011ல் கொண்டுவந்தன. 2016ல் நிஸான் தன் பங்கை விற்று விலகிக்கொண்டது. தோஸ்த் நிற்கவில்லை. ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு நிஸானின் பெயர் தெரியும்?

கல்லங்குறிச்சிச் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் கனரக டிப்பர்களில் ஜப்பான் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அது டாடாவும் லேலண்டும் ஆளும் இடம். திருமானூர், தா.பழூர்க் கொள்ளிடக் கரைக்குப் போனால் படம் மாறுகிறது. ஈர வயலில் டயர் வண்டி புதையும் இடத்தில் இறங்கும் பெல்ட் அறுவடை இயந்திரங்களில் ஜப்பானின் குபோட்டா முன்னணியில் நிற்கிறது. அந்தக் கம்பெனி அமெரிக்காவிலும் சின்ன டிராக்டரில் வேர்விட்டது. இரண்டு நாட்டிலும் நிலைத்ததற்குக் காரணம், அங்கே வீட்டுத் தோட்டத்துக்கும் இங்கே சேற்று வயலுக்கும் தனித்தனியே வண்டி செய்தது.

இப்போது இரு நாட்டிலும் காற்று மாறியிருக்கிறது. அமெரிக்கா 2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார் மீது கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. பிறகு ஜப்பானோடு பேசி மொத்தத்தை 15 சதவீதமாக்கியது. அங்கேயே அதிகம் தயாரிக்கும் ஹோண்டாவுக்கு வலி குறைவு, கப்பலை நம்பும் மாஸ்டாவுக்கு அதிகம். 1981ல் கற்ற பாடம் இன்றும் காப்பாற்றுகிறது. இங்கே, 2018–19ல் 51 சதவீதமாக இருந்த மாருதியின் கார்ச் சந்தைப் பங்கு இப்போது 40ஐ ஒட்டி நிற்கிறது. மஹிந்திராவும் டாடாவும் தின்ற பங்கு அது. மக்கள் உயரமான வண்டிக்குப் போனபோது சுசூகி தாமதித்தது.

மின்சார வண்டியில் தாமதம் இன்னும் பெரிது. டி.வி.எஸ். 2020லேயே ஐகியூப் விற்கத் தொடங்கியது. ஏத்தரும் ஓசூரில் ஆலை போட்டு இறங்கியது. ஹோண்டாவின் மின் ஆக்டிவா 2025ல்தான் கடைக்கு வந்தது. இடையில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் கார் ஆலையையே திறந்துவிட்டது. ஜப்பான் கம்பெனிகள் பாட்டரியை நம்பாமல் ஹைபிரிட்டில் நின்றன. அமெரிக்காவில் அந்தக் கணக்கு பலித்தது. டொயோட்டா ஹைபிரிட்டுகள் அங்கே நன்றாக விற்கின்றன. நம் ஸ்கூட்டர் சந்தையில் பலிக்கவில்லை.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் உள்ள சின்ன காருக்கும் 350 சி.சி. வரையிலான பைக்குக்கும் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலையைச் சொன்னால் கேள்வி கேளுங்கள். எந்த நாட்டுக் கம்பெனி, உலகத்தில் எத்தனை விற்கிறது என்பதை ஒதுக்கிவையுங்கள். ஷோரூமுக்குப் போகும் முன் அரியலூரில் ஒரு ஸ்பேர் கடையிலும், உங்கள் தெருப் பக்கத்து மெக்கானிக்கிடமும் அந்த வண்டியின் கிளட்ச் பிளேட்டும் பிரேக் ஷூவும் அன்றைக்கே கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் வாங்குங்கள். திருச்சியிலிருந்து வரவேண்டும் என்றால் யோசியுங்கள்.