அவசரம் தவிர்க்கும் அமானிதம்: டெபியன் லினக்ஸின் வெளியீட்டு முறை

நூலொன்று அச்சேறுமுன் மெய்ப்புத் திருத்தப்பெறும். பிழை மலிந்த நூலை விரைந்து வெளியிடுவதினும், பிழை களைந்து காலந்தாழ்த்தி வெளியிடுவதே பதிப்பாசிரியருக்கு அழகு. நூற்பிழை படிப்போரின் கருத்தைத் திரிக்கும். கணிப்பொறியை இயக்கும் மென்பொருளில் பிழை நேரின், அதனுள் சேமித்து வைத்த ஆய்வேடும் மதிப்பெண் பட்டியலும் ஒருங்கே கெட்டொழியும். எனவே அம்மென்பொருள் எவ்வாறு வெளியிடப்பெறுகிறது, எவ்வாறு புதுப்பிக்கப்பெறுகிறது என்பதை அறிதல் கணிப்பொறியைக் கையாளுவோர் யாவர்க்கும் கடனாகும். ஈண்டு டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை முன்வைத்து இதனை விளக்க முற்படுகிறோம்.

தோற்றம்

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய லினக்ஸ், இயங்குதளத்தின் கரு மட்டுமே. அக்கருவோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களை இணைத்துப் பயன்படுத்தத்தக்க வடிவில் தருவதே தொகுப்பு எனப்படும். இயான் மர்டாக் என்பார் 1993 ஆகஸ்டுத் திங்களில் டெபியனைத் தொடங்கினார். டெப்ரா, இயான் என்னும் இரு பெயர்களின் சேர்க்கையே அப்பெயர். எந்த வணிக நிறுவனத்திற்கும் உடைமையாகாமல், பல நாட்டுத் தன்னார்வலரால் அது பேணப்பட்டு வருகிறது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடியொற்றியதே.

மூன்று படிகள்

டெபியனில் மென்பொருள் மூன்று படிகளைக் கடக்க வேண்டும். முதற்படி ‘நிலையாப் பதிப்பு’. புதியன யாவும் முதலில் இங்கே புகும். டெபியன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ திரைப்படப் பாத்திரங்களின் பெயரைச் சூட்டுவது வழக்கம். பொம்மைகளை உடைக்கும் சிறுவன் சிட்டின் பெயர் இந்நிலையாப் பதிப்புக்கு என்றும் உரியதாயிருப்பது பொருத்தமே! பொதுவாக இரண்டு முதல் பத்து நாள் வரை அங்குத் தங்கி, புதிய கடும்பிழை ஏதும் இல்லையெனில், மென்பொருள் ‘சோதனைப் பதிப்பு’க்குச் செல்லும். உரிய காலத்தில் அச்சோதனைப் பதிப்பு உறையவைக்கப்படும். அதன்பின் புதுமைகளுக்கு இடமில்லை. பிழைதிருத்தம் மட்டுமே நிகழும். கடும்பிழைகள் நீங்கிய பின்னரே அது ‘நிலைத்த பதிப்பு’ ஆகிறது.

2002 ஜூலையில் ஒரு நிலைத்த பதிப்பு வந்தபின், அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது. அதன்பின் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒன்றாக வருகின்றன. ‘புக்வார்ம்’ எனப்பெறும் 12ஆம் பதிப்பு 2023 ஜூனிலும், ‘ட்ரிக்ஸி’ எனப்பெறும் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வெளிவந்தன. நிலைத்த பதிப்பில் பாதுகாப்புக் குறை கண்டால், பெரும்பாலும் மென்பொருளையே மாற்றாமல், பழைய வடிவிலேயே அக்குறையை மட்டும் நீக்கித் தருவர். இதனைப் ‘பழமை’ என்று எள்ளுவாரும் உளர்.

காத்திருப்பின் பயன்

அவ்வெள்ளலுக்கு 2024 மார்ச்சுத் திங்கள் விடையளித்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் மென்பொருளில், நெடுநாள் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் வழியே கள்ளவாயில் ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணிப்பொறியுள் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் வல்லுநர் அதனை வெளிப்படுத்தினார். அவர் அதனைக் கண்டது டெபியனின் நிலையாப் பதிப்பிலேயாம். சோதனைப் பதிப்புவரை எட்டியிருந்த அந்நஞ்சு, நிலைத்த பதிப்பைத் தீண்டவில்லை. கள்ளத்தைக் கண்டது ஒருவரின் கூரிய நோக்கு. அந்நோக்கிற்கு அவகாசம் அளித்தது டெபியனின் பொறுமை.

நிலைத்த பதிப்பு பிழையே அற்றது என்று கூறுவதற்கில்லை. 2006இல் டெபியனார் செய்த ஒரு மாற்றத்தால், தகவலை மறைத்துக் காக்கும் எண்சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கனவாயின. நிலைத்த பதிப்பிலும் புகுந்த அப்பிழை 2008 மே திங்களில்தான் வெளிப்பட்டது. அவர்கள் அதனை மறையாது அறிவித்துத் திருத்தமும் வழங்கினர் என்பது கருதத்தக்கது.

மேம்படுத்தலும் நிறுவலும்

பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாற, யாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவவேண்டுவதில்லை. இருந்த இடத்திலேயே மேம்படுத்தலாம். ஆயின் படி தாண்டலாகாது. 11இலிருந்து 12க்கும், அதன்பின்னரே 13க்கும் செல்ல வேண்டும். பயனர் தம் கைப்பட மாற்றிய அமைப்புக் கோப்பு எதிர்ப்படின், ‘உம்முடையதை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா?’ என்று டெபியன் வினவும். உடையவரைக் கேளாமல் அவர் பொருளை மாற்றாத பண்பு இது.

புதிதாக நிறுவுவோர்க்கு நிறுவுநிரல் காட்டும் மொழிப்பட்டியலில் தமிழும் உண்டு. வட்டினைப் பகுக்கும் கட்டத்தில் மிகு விழிப்பு வேண்டும்; அங்குப் பிழைத்தால் பழைய கோப்புகள் அழியும். எனவே நிறுவலாயினும் மேம்படுத்தலாயினும் படியெடுத்து வைத்தலே முதற்பணி. பதிப்போடு வரும் வெளியீட்டுக் குறிப்பைப் படித்தல் இரண்டாவது பணி. சான்றாக, 13ஆம் பதிப்பில் 32 பிட் பழைய தனிக்கணிப்பொறிகளுக்கு நிறுவுநிரலும் கருவும் வழங்கப்பெறவில்லை. இதனை அறியாது பழைய பொறியை மேம்படுத்த முனைவோர் இடர்ப்படுவர். ஒவ்வொரு பதிப்பிற்கும் மூவாண்டு முழுப் பேணலும், மேலும் ஈராண்டு நீள்காலப் பேணலும் உண்டாதலின், மாற்றத்திற்குத் திட்டமிடப் போதிய காலம் கிட்டும்.

நிறைவாக

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைக் குறையாது காத்து அளித்தலை நாம் அமானிதம் என்கிறோம். முகமறியாதார் பலரின் உழைப்பு ஒரு கணிப்பொறிக்குள் இருக்கிறது என்றெண்ணி, ஆயத்தமாகுமுன் வெளியிடோம் என்று நிற்பதும் அமானிதமே. புதுமையை வெறுத்தல் வேண்டா. அதனைச் சோதித்து ஏற்கும் பொறுமையே வேண்டுவது. இது மென்பொருளுக்கு மட்டுமன்றி, ஆய்வுக்கும் கல்விக்கும் பொருந்தும் நெறியாகும்.