ஈச்சிலம்பற்றுக்கு இணையம் வரும் வழி

இணையச் சேவை வழங்கும் நிறுவனம் இணையத்தை உற்பத்தி செய்வதில்லை. பெரிய வலையமைப்பு ஒன்றிடம் கொள்ளளவை மொத்தமாக வாங்கி, வீடுகளுக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதே அதன் தொழில்.

மூதூருக்குத் தெற்கே, வெருகல் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள ஈச்சிலம்பற்றுக்கு அந்தக் கொள்ளளவு வெகுதூரம் கடந்தே வருகிறது. அதே மாவட்டத்தின் திருகோணமலைத் துறைமுகம் உலகப் பேர் பெற்றதுதான். ஆனாலும் வெளிநாட்டுக் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். அங்கிருந்து கொள்ளளவு பைபர் கேபிளிலும், கோபுரத்துக்குக் கோபுரம் பாயும் நுண்ணலையிலும் கிழக்கு மாகாணத்தை வந்தடைகிறது.

விற்பனைக் கணக்கில்தான் இத்தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. 100 வீடுகளுக்குத் தலா 20 மெகாபிட் வேகம் விற்றவர் 2,000 மெகாபிட் வாங்கி வைப்பதில்லை. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்பதால் அதில் ஒரு பங்கையே வாங்குகிறார். பகலில் இது போதும். இரவு 8 மணிக்கு ஊரே படம் பார்க்க உட்காரும்போது திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும். அந்த நேரத்துக்கும் தாங்கும் அளவு வாங்குகிறாரா என்பதே வழங்குநரின் நேர்மைக்கு உரைகல்.

இணைய முகவரிகளும் வேண்டும். ஆசிய பசிபிக் நாடுகளுக்கு அவற்றைப் பங்கிடும் ஏபிநிக் அமைப்பு, பழைய வகை முகவரிகளில் புதிய உறுப்பினருக்கு அதிகபட்சம் 512 மட்டுமே தருகிறது. ஆகவே பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன.

வீடு வரையிலான கடைசித் துண்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு பைபர் இழையை மின்சாரம் தேவைப்படாத பிரிப்பான் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரலாம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரை எட்டும். வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் 5 கிகாஹேர்ட்ஸ் வானலைக் கருவி மலிவு. ஆனால் இரு முனைகளும் ஒன்றையொன்று நேரே பார்க்க வேண்டும். இடையில் ஒரு தென்னை ஓலை விரித்தாலும் வேகம் விழும். கடற்காற்றில் ஆணியும் இணைப்பு முனையும் துருப்பிடிக்கும். மகாவலியின் கிளையான வெருகல் ஆறு மாரியில் பெருகும் என்பதால் கருவிப் பெட்டி வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இடிதாங்கியும் பற்றரியும் இல்லாமல் தொடங்கவே கூடாது. கருவி வாங்குவது சிறிய வேலை. மழையிரவில் ஏணியோடு போகும் ஆள் கிடைப்பதே பெரிய வேலை.

இவை அனைத்துக்கும் முன்னர் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, அது இல்லாமல் தொலைத்தொடர்பு முறைமை ஒன்றை நடத்த முடியாது. ஆகவே வீட்டு இணைப்பை அயலாருக்குக் காசுக்குப் பகிர்வது சிறுதொழில் ஆகாது.

செய்மதி வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2024இல் அனுமதி பெற்று 2025இல் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்துச் செய்மதிகளுக்குத் தரைக் கேபிள் தூரம் தடையில்லை; விலைதான் கிராமத்து வீட்டுக்குத் தடை.

ஊரே சேர்ந்து வலையமைப்பு நடத்துவது இலங்கைக்குப் புதிதல்ல. அனுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சியவில் ஹொரைசன் லங்கா அமைப்பு 2000களிலேயே மாணவர் வீடுகளைக் கம்பியில்லா வலையால் இணைத்தது. இந்தியாவில் மாவட்ட அளவை ஒத்த சிறு எல்லைக்குள் சேவை வழங்க 'சி' வகை அனுமதி இருக்கிறது. இலங்கையிலும் அதுபோலப் பிரதேச செயலகப் பிரிவு ஒன்றை எல்லையாகக் கொண்டு, சிறு முதலீட்டாளர் தாங்கும் கட்டணத்தில் அனுமதி வழங்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு முன்வர வேண்டும்.