உருவுதலும் உடலுரமும்

காவிரிக்கரையிலுள்ள ஜேடர்பாளையம் போன்ற ஊர்களிலே, சடுகுடு ஆடிக் களைத்த இளைஞரின் கெண்டைக்காலை எண்ணெய் தடவி உருவிவிடுவதுண்டு. இதன் பயன் யாதெனக் காண்போம்.

கடும்பயிற்சியால் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அதனால் எழும் வலி 1 முதல் 3 நாட்களில் உச்சமடையும். லாக்டிக் அமிலம் அதற்குக் காரணமன்று; அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே நீங்கிவிடும். தொடுவுணர்ச்சி, வலிச்செய்தியை முதுகுத்தண்டிலேயே மட்டுப்படுத்தும் என்னும் கொள்கையை மெல்சாக்கும் வாலும் 1965-இல் வெளியிட்டனர். 2020-இல் 29 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், உருவுதல் வலியைச் சிறிது தணிக்கும், உடலின் வளையுந்தன்மையைச் சற்றே கூட்டும், வேகத்தையும் வலிமையையும் வளர்க்காது என்று கண்டனர்.

ஆதலின் மாணவர்களே, உருவுதல் பயிற்சிக்கு ஈடாகாது. புதிதாக வீங்கிய சுளுக்கை உருவலாகாது. குருதிக்கசிவு மிகக்கூடும், உள்ளே எலும்பு முறிந்திருக்கவுங்கூடும். அப்போது நாடவேண்டியவர் மருத்துவரே.