சுமை தாங்காத பெட்டிகள்

இன்வர்ட்டர்களை எரித்துவிடுவது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான். பெட்டியைச் சரிசெய்பவர் வீட்டின் மின்சாரக் கணக்கையும் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால், அதே பெட்டி சில வாரங்களில் திரும்பி வரும்.

மின்சாரம் போனால் விளக்கெரிய வேண்டும் என்று வாங்கிய பெட்டி, சரியாக மின்சாரம் போன இரவில் நாலு முறை 'பீப்' என்று கத்திவிட்டு அணைந்துபோகிறது. மறுநாள் காலை அது ஆட்டோவில் ஏறிப் பழுது பார்க்கும் கடைக்குப் போகிறது. திருவனந்தபுரத்தின் ஆரியசாலைக்கும் இது புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பகுதி இது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் வேளிமலை குமாரசுவாமி குமரி மாவட்டத்திலிருந்து வந்து தங்குவது இங்குள்ள கோயிலில்தான். மலையாளத்துக்கு இணையாகத் தமிழும் புழங்கும் இந்தக் கடைத்தெருவில் மிளகாயிலிருந்து மின்கம்பி வரை எல்லாம் கிடைக்கும்.

திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்தது 1929இல். 1940இல் பள்ளிவாசல், 1976இல் இடுக்கி என்று நீர்மின் நிலையங்கள் பெருகின. ஆனால் மழையை நம்பிய மின்சாரம், மழை பொய்த்தால் தானும் பொய்த்தது. லோடு ஷெட்டிங் கேரள வீடுகளுக்குப் பழக்கமானது. 2012இல் அது மறுபடியும் வந்தது. அதே ஆண்டில் தமிழகத்தின் பல மாவட்டங்களில் மின்வெட்டு நாளொன்றுக்கு 12 மணி நேரத்தையும் தாண்டியது. வரவேற்பறை மூலையில் இன்வர்ட்டர் இடம்பிடித்த கதை இதுதான். இப்போது தினசரி வெட்டு இல்லை. ஆனால் 2024 மே மாத வெப்பத்தில் கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியபோது, சுமை தாங்காமல் டிரான்ஸ்பார்மர்களே பழுதாகி ஊர்கள் இருண்டன. மின்வாரியத்துக்கு நேர்ந்ததுதான், சிறிய அளவில், வீட்டுப் பெட்டிக்கும் நேர்கிறது.

கணக்கு எளிது. 800 வி.ஏ. என்று எழுதியிருக்கும் இன்வர்ட்டர் 800 வாட் தராது. பவர் ஃபேக்டர் 0.8 என்றால் கிடைப்பது 640 வாட். மூன்று பழைய சீலிங் ஃபேன்கள் 225 வாட்; சோக் இழப்பையும் சேர்த்து ஆறு டியூப்லைட்டுகள் 300 வாட்; டி.வி. 100 வாட். ஆக 625. பெட்டி மூச்சுவிட இடமில்லை. இந்த நிலையில் யாராவது 500 வாட் மிக்சியைப் போட்டால், அல்லது அதே இணைப்பில் இருக்கும் ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்பினால், கணக்கு உடைகிறது. கம்ப்ரசர் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தைக் கிளம்பும் நொடியில் கேட்கும்.

வெளியே தெரியாத சுமை இன்னும் கடுமையானது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 600 வாட் எடுக்க, உள்ளே ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 60 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். இதைத் தாங்குபவை அலுமினியத் தகட்டில் வரிசையாக முடுக்கப்பட்ட மாஸ்ஃபெட்டுகள். சூடு தாங்காமல் ஒன்று ஷார்ட் ஆனால் பக்கத்தில் இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். எனவே விஷயம் தெரிந்த மெக்கானிக் எரிந்த ஒன்றை மட்டும் மாற்றுவதில்லை. வரிசை முழுவதையும் ஒரே ரகத்தில் மாற்றுவார். அவற்றை இயக்கும் டிரைவர் பகுதியையும் சோதிப்பார். பிறகும் பேட்டரியை நேரடியாக இணைக்காமல், இடையில் வாகன ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராக வைப்பார். உள்ளே ஷார்ட் மிச்சமிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். புதிய மாஸ்ஃபெட்டுகள் தப்பிக்கும்.

'ஓவர்லோடு' என்று சொல்லி வரும் பெட்டிகள் எல்லாமே சுமையால் கெட்டவை அல்ல. பேட்டரி முனையில் பச்சையாகவும் வெள்ளையாகவும் படிந்த உப்பு 0.05 ஓம் தடையை உண்டாக்கினால் போதும். 60 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். 180 வாட் வெப்பமாகி முனையைப் பொசுக்கும். பேட்டரி காலி என்று நினைத்து இன்வர்ட்டர் நின்றுவிடும். முனையைக் கழற்றி வெந்நீரில் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினால் தீரும் நோய் இது. அப்படியே, 150 ஆம்பியர்-மணி பேட்டரி 60 ஆம்பியரில் இரண்டரை மணி நேரம் ஓடும் என்பதும் காகிதக் கணக்கு. வழக்கமாக அந்த எண் 20 மணி நேரம் மெதுவாக எடுப்பதற்கானது. வேகமாக உறிஞ்சினால் பேட்டரி தன் முழு இருப்பையும் தராது.

இன்னொரு தவறு மின்சாரம் இருக்கும்போதே நடக்கிறது. அப்போதும் இன்வர்ட்டர் இணைப்பிலுள்ள எல்லாச் சுமையும் அதற்குள் இருக்கும் ரிலே வழியாகவே போகிறது. அந்த இணைப்பில் கெய்சரோ அயர்ன் பாக்ஸோ இருந்தால், பேட்டரியைத் தொடாமலே ரிலேயின் முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு மின்சாரம் போகும்போது பெட்டி மாறவே மாறாது.

இவற்றைவிட ஆபத்தானது சிக்கனமான வைத்தியம். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. ஃப்யூஸ் செய்ய வேண்டிய வேலையை அடுத்த முறை வயரோ டிரான்ஸ்பார்மரோ செய்யும், நெருப்போடு. சார்ஜ் ஆகும் ஈய பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும். காற்றோட்டமில்லாத மாடிப்படி அடியில், பூஜை விளக்குக்கு அருகில் பேட்டரியை வைப்பவர்கள் இதை நினைப்பதில்லை. யு.பி.எஸ்.ஸைத் தாமே திறப்பவர்களுக்கு வேறு ஆபத்து: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

கேரளத்தில் இந்தக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. 2008இலேயே வலிதணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்த மாநிலம் இது; நீண்டகால நோயாளிகள் பலர் வீட்டிலேயே பராமரிக்கப்படுகிறார்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் தரும் கருவி ஒன்றுக்குச் சுமார் 350 வாட் தேவை. மேலே சொன்ன 625 வாட் வீட்டில் அதைச் சேர்த்தால் 975. 640 வாட் பெட்டி அடுத்த மின்வெட்டில், நோயாளிக்கு மூச்சு தேவைப்படும் அதே நேரத்தில், கைவிட்டுவிடும்.

பெரிய இன்வர்ட்டர் வாங்குவது ஒரு வழி. செலவு குறைந்த வழி, சுமையைக் குறைப்பது. ஆறு டியூப்லைட்டுகளுக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. பல்புகள் போட்டால் 54 வாட். மூன்று ஃபேன்களையும் 30 வாட் பி.எல்.டி.சி. ரகமாக மாற்றினால் 90. டி.வி.யோடு சேர்த்து 244. இப்போது ஆக்சிஜன் கருவியை இணைத்தாலும் 594தான்; டி.வி.யை அணைத்தால் 494. அதே பழைய பெட்டி தாங்கும். ஃப்ரிட்ஜ், மிக்சி, கெய்சர் இணைப்புகளை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்வர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிட வேண்டும். அரை நாள் வேலை. பழுது பார்த்த பெட்டி வீடு திரும்புவதற்குள் முடித்துவிடலாம்.