மரப்பு ஊசி போட்ட மாட்டைக் கவனிக்கும் முறை

மாட்டை முழுதும் மயக்கிப் படுக்க வைத்தால் வயிறு உப்பும். வயிற்றிலுள்ள இரை மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கவும் கூடும். ஆகவே பெரும்பாலான அறுவை சிகிச்சைகளில் நரம்பருகே லிக்னோகெய்ன் மருந்தைச் செலுத்தி, வேண்டிய பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். இம்மருந்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வேலை செய்யும். மருத்துவர் புறப்பட்டுப் போன பின்பும் மாடு மரப்பில்தான் இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வயிற்றைக் கீறிப் பிளாஸ்டிக் பைகளை எடுக்கும்போது முதுகெலும்பின் ஓரமாக ஊசி போடுவது உண்டு. அந்தப் பக்கத்துத் தோல் சூடாக இருக்கும். முதுகும் ஒருபுறம் வளைந்து தெரியும். கொம்புக்குப் போட்டால் சில மாடுகளுக்கு மேல் இமை தொங்கும். இவை தாமே சரியாகிவிடும். பயப்பட வேண்டியதில்லை.

கவனம் வேண்டியது வாலடியில் போடும் ஊசிக்குத்தான். கன்று ஈன முடியாமல் திணறும்போதும், அடிதள்ளும்போதும் இதைப் போடுவார்கள். பெரிய பசுவுக்கு 5 மி.லி. அளவே போதும், வால் துவண்டுவிடும். மருந்து சற்று முன்னேறிப் பரவினால் பின்னங்கால்களும் வலுவிழக்கும். அந்நேரத்தில் வழுக்கும் சிமெண்டுத் தரையில் நடத்தினால் கால்கள் இருபுறமும் அகன்று பசு விழும். தொடைச் சதை கிழியலாம், இடுப்பு மூட்டு நழுவலாம். அப்புறம் அது எழுவது அரிது. நல்லபடியாகக் கன்றை எடுத்துவிட்டுத் தாயைப் பறிகொடுப்பது இப்படித்தான்.

எனவே மணலோ வைக்கோலோ தடிப்பாகப் பரப்பி, பசுவை அங்கேயே இருக்க விடுங்கள். படுத்துவிட்டால் மல்லாக்கவோ பக்கவாட்டிலோ சாய விடாமல், நெஞ்சு தரையில் படும்படி வைக்கோல் கட்டுகளை அண்டை கொடுங்கள். வாலை முறுக்கி எழுப்பும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை அறவே விடவேண்டும். தடுமாறும் பசுவுக்குக் கால்கள் அகலாதபடி, இரு பின்னங்கால்களையும் கணுக்காலுக்கு மேல் மெத்தென்ற துணியால் இரண்டடி இடைவெளி விட்டுப் பிணைக்கலாம். மூன்று நான்கு மணி நேரமாகியும் எழாவிட்டால் ஊசியைக் குறை சொல்லிக் காத்திராமல் மருத்துவருக்குச் சொல்லியனுப்புங்கள். பால் சுரமோ, ஈற்றின்போது நரம்பு நசுங்கியதோ காரணமாகலாம்.

வெள்ளாடு வளர்ப்போருக்கு ஒரு சொல். இம்மருந்தை ஆடு மாட்டைப்போலத் தாங்காது. 20 கிலோ ஆட்டுக்கு 2 சதக் கரைசலில் 5 மி.லி.யே உச்ச அளவு. மிஞ்சினால் உடல் நடுங்கி, வலிப்பு கண்டு, மூச்சு நின்றுவிடும். பயிற்சியில்லாதவர்களிடம் ஆட்டை ஒப்படைக்காதீர்கள்.