மின்பழுதின் முன்னறிகுறிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை, போர்க்காலத்தில் நெடுநாள் இயக்கமற்றுக் கிடந்து, 2014ஆம் ஆண்டில் இந்திய அரசின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு மீண்டும் திறந்து வைக்கப்பட்டது. தொழிற்சாலையைத் திறப்பது ஒருநாட் செயல். அதனை நிற்கவிடாது நடத்துவதோ அன்றாடக் கடமை. பெருந்தொழிற்சாலையில் ஒரு மோட்டார் எரிந்தால் மாற்று மோட்டார் களஞ்சியத்தில் இருக்கும். சிறுதொழிற்சாலைக்கு அந்த ஒரு மோட்டாரே உயிர்நாடி. அதன் சுருள் மீளச் சுற்றப்பட்டு வரும்வரை வேலையாட்கள் கைகட்டி நிற்பர்; ஏற்ற வேலை தவணை தவறும்; கூலி பெறும் குடும்பங்கள் தவிக்கும்.

மின்தடை இருவகைப்படும். ஒன்று வெளியிலிருந்து வருவது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் இருண்டதாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய தடையை ஒரு சிறுதொழிற்சாலை முன்னறிய இயலாது. மற்றையது தொழிற்சாலைக்குள்ளேயே பிறப்பது. அது பெரும்பாலும் தன் வருகையை அறிவித்துவிட்டே வருகின்றது.

முதல் அறிவிப்பு வெப்பம். இயந்திர அதிர்வினால் ஒரு கம்பி இணைப்புச் சற்றே தளர்கிறது என்க. அவ்விணைப்பின் தடை 0.05 ஓம், அதனூடாக 40 அம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அங்கே இழக்கப்படும் மின்னழுத்தம் 2 வோல்ட்டே. மோட்டார் அதனை உணராது. ஆனால் விரல்நுனியளவான அவ்விடத்தில் 80 வாற்று வெப்பம் ஓயாது பிறக்கின்றது. வெப்பத்தால் உலோகம் கறுக்கிறது. கறுத்ததால் தடை மிகுகிறது. தடை மிகுந்ததால் வெப்பம் மேலும் ஏறுகிறது. நிறம் மாறிய கம்பியுறையும் கருகிய வாடையும் இதனைத் தெரிவிப்பன. வெப்பத்தைப் படமாகக் காட்டும் அகச்சிவப்புக் கமராவோ, பெட்டி ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதனைத் தொடாமல் காட்டிவிடும்.

இரண்டாவது, கம்பிகளைச் சூழ்ந்துள்ள காவலுறையின் தளர்ச்சி. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயருந்தோறும் அவ்வுறையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுவிதி. குடாநாட்டில் உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் இதற்குத் துணைசெய்கின்றன. மின்னிணைப்பைத் துண்டித்தபின் மெகர் என்னும் கருவியால் இவ்வுறையின் தடையை அளப்பர். ஜனவரியில் 100 மெகாஓம், ஏப்ரலில் 40, ஜூலையில் 10 எனக் காட்டுமாயின், 10 என்பது இன்னும் ஆபத்தான அளவன்று. ஆயினும் அது இறங்கிவரும் வேகமே எச்சரிக்கை. தனியொரு அளவு சொல்லாததைத் தொடர்ந்த அளவுகள் சொல்கின்றன.

மூன்றாவது, மின்னோட்டத்தின் சமனின்மை. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப்போனாலும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்பதில்லை. மற்றை இரு கம்பிகளும் ஏறத்தாழ 1.7 மடங்கு மின்னோட்டத்தைச் சுமக்கும். அவை செல்லும் சுருள்களில் வெப்பம் மும்மடங்கு வரை ஏறும். இதனை உணர்ந்து மோட்டாரை நிறுத்துவதற்கே மிகைச்சுமை ரிலே பொருத்தப்பட்டுள்ளது. அது அடிக்கடி நிறுத்துகின்றதென்று அதன் அளவை உயர்த்திவைப்போர் உளர். வீட்டு நாய் குரைக்கின்றதென்று அதன் வாயைக் கட்டுவது போன்றதே அச்செயல்.

வெப்பத்தையும் அதிர்வையும் இடைவிடாது அளந்து கணினிக்கு அனுப்பும் உணரிகள் இன்று உள்ளன. அவற்றை வாங்க இயலாத தொழிற்சாலைக்கும் வழியுண்டு. கம்பியை அறுக்காமலே மின்னோட்டத்தை அளக்கும் கவ்வுமானி ஒன்று, குறிப்புப் புத்தகம் ஒன்று, பயிற்சி பெற்ற மின்தொழிலாளர் ஒருவர் ஆகிய மூன்றும் போதும். வாரந்தோறும் குறித்த நாளில், ஒரே சுமையில், மூன்று முனைகளின் மின்னோட்டத்தையும் அளந்து எழுதிவைத்தல் வேண்டும். எழுதியதைச் சென்ற மாத அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தலும் வேண்டும். ஒப்பிடாத கணக்கு பயனற்ற கணக்கு.

அச்சுவேலித் தோட்டக்காரர் வெங்காயத் தாளின் நுனி கருகக் கண்டவுடனே பாத்தியை ஆராய்வார். பயிர் முழுவதும் வாடும்வரை காத்திரார். இயந்திரத்திற்கும் அதே கவனம் வேண்டும். தளர்ந்த திருகாணியை முறுக்க, வேலை முடிந்த மாலையில் கால்மணி நேரம் போதும். அதனைக் கவனியாது விட்டால், எந்த நாளில் எத்தனை நாட்களுக்கு நிற்பது என்பதை இயந்திரமே முடிவு செய்துவிடும்.